ஜிங்க் கட்டி இருந்த இடம்

இறுகிப்போன நட்டு ஒன்றை என் முன்னால் வைத்தால் அது கழன்றுதான் ஆக வேண்டும். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஊருக்கு வெளியே இருந்த எங்கள் தெருவில் எல்லோரும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டுக்கொண்டிருந்த காலத்தில், நான் ஒருத்தன் மட்டும் பம்புசெட்டு ரிப்பேர் கடையில் கிரீஸ் துடைக்கப் போனேன். இன்றைக்கு உத்திரமேரூரில், வந்தவாசி ரோட்டில், லேத்து, வெல்டிங், டிரில்லிங் மூன்றும் என் பேரில் ஓடுகின்றன. காவாந்தண்டலத்தில் தொடங்கி புள்ளலூர் வரைக்கும் நான் திறக்காத மோட்டார் ஒன்று இருந்தால் அது நேற்று வாங்கியதாக இருக்கும். படித்துவிட்டு வந்த பிள்ளைகள் கைவிட்ட போல்ட்டுகளை ஒரு மெழுகுவத்தியும் ஒரு சுத்தியும் வைத்துக்கொண்டு எடுத்திருக்கிறேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை.

எங்கள் ஊரில் ஏரி உண்டு, கடல் கிடையாது. அப்படியும் என் பட்டறைக்கு ஒரு கடல் மோட்டார் வந்தது. கொண்டுவந்தது சந்தையில் கருவாடு விற்கும் பெண். சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு குப்பம் அவளுக்கு. வாரம் ஒரு நாள் மினி வேனில் கூடைகளோடு வருவாள். நாக்கு கூர்மை. பேரம் பேசுகிறவனை நிற்க வைத்து உரிப்பாள். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் வேனைப் பட்டறை வாசலிலேயே நிறுத்தினாள்.

"மேஸ்திரி, கடல் மோட்டாரு பாப்பியா? இல்ல கெணத்து மோட்டாரு மட்டுந்தானா?"

"மோட்டாருன்னா மோட்டாருதாம்மா. கடலு இன்னா, கெணறு இன்னா?"

"அங்க மெக்கானிக்கு இது செத்துப்போச்சுன்றான். கீழ்பார்ட்டு மெட்ராசுலேருந்து வர்றதுக்கு ஒரு மாசமாவுமாம். அதுக்குள்ள எறா சீசன் பூடும். எங்க வூட்டுக்காரரு வேணாம் வேணாம்னு கத்தறாரு. நான்தான் ஏத்தினு வந்துட்டேன்."

படகின் பின்பக்கம் மாட்டுகிற மோட்டார் அது. மேலே இன்ஜின், நடுவே நீளமான கால், கால் முனையில் தண்ணீருக்குள் இருக்கும் கியர் கேஸ், அதில் புரொப்பெல்லர். அலுமினிய உடம்பில் இரும்பு போல்ட்டு போட்டு உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் இரண்டுக்கும் நடுவில் வெள்ளைப் பொடி கட்டி, போல்ட்டு உடம்போடு உடம்பாக ஒட்டிவிடும். ஸ்பேனர் போட்டுத் திருகினால் தலை மட்டும் கையோடு வரும். அந்த மெக்கானிக் இரண்டு தலைகளை முறித்துவிட்டுத்தான் செத்துப்போச்சு என்று சொல்லியிருக்கிறான்.

முரட்டுத்தனம் இங்கே உதவாது. முதலில் போல்ட்டுத் தலையில் நேராக நாலு தட்டு. உள்ளே இருக்கும் பொடி உதிரும். பிறகு சுற்றியிருக்கும் அலுமினியத்துக்குச் சூடு. இரும்பு சிவந்து காட்டும். அலுமினியம் காட்டாது, அதுபாட்டுக்கு இருந்து சட்டென்று வழிந்து விழும். அதனால் கை அளவு தெரிய வேண்டும். சூட்டோடு மெழுகுவத்தியை வைத்தால் மெழுகு உருகி மரைக்குள் தானே இறங்கும். அப்புறம் கழட்டக் கூடாது, முதலில் ஒரு மயிரளவு இறுக்க வேண்டும். "டிக்" என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் திருப்ப வேண்டும். இரண்டே நாளில் எல்லாவற்றையும் கழற்றினேன். முறிந்த இரண்டுக்கும் மேல் நட்டு வைத்து வெல்டு அடித்து எடுத்தேன்.

புரொப்பெல்லருக்கு மேலே ஒரு சின்னக் கட்டி இருந்தது. வெள்ளையாக, கரையான் தின்ற மாதிரி பாதி காணாமல் போயிருந்தது. பம்புசெட்டில் அப்படி ஒன்று கிடையாது. கம்பெனிக்காரன் மட்டமான உலோகத்தைப் போட்டு ஏமாற்றியிருக்கிறான் என்று நினைத்தேன். குப்பையில் எறிந்துவிட்டு, கிணற்றுக் குழாயின் அடியில் மாட்டுகிற பழைய பித்தளைப் புட்வால்வு ஒன்றை லேத்தில் மாட்டி, அதே அளவுக்குப் பித்தளையில் ஒன்று கடைந்தேன். பாலீஷ் போட்டு அவளிடம் காட்டினேன்.

"பாத்தியா? மோட்டாரு ஒடஞ்சாலும் இது ஒடையாது."

"மூக்குத்தி கணக்கா மின்னுது மேஸ்திரி. மோட்டாருக்கு எதுக்கு, எனக்குக் குடு."

மோட்டார் ஓடியது. இரண்டு வருடத்துக்கு நெருக்கமாக ஓடியது. ஒவ்வொரு வாரமும் ஒரு பொட்டலம் கருவாட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போவாள். கடல் மோட்டாரையும் பார்த்தவன் என்று நான் டீக்கடையில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

போன வருடம் ஆறு வாரம் அவள் சந்தைக்கு வரவில்லை. ஏழாவது வாரம், ஒரு வியாழக்கிழமை காலையில் வேன் வந்து நின்றது. கூடை எதுவும் இல்லை. அந்த மோட்டார் மட்டும் சாக்கில் சுற்றிக் கிடந்தது. கூட அவள் புருஷன். நாற்பது வயசு இருக்கும். முகத்தைப் பார்த்தால் தலை நரைத்த என் வயசு.

என்ன நடந்தது என்று அவள்தான் சொன்னாள். புருஷனும் அவளுடைய தம்பியும் ஒரே படகில் போகிறவர்கள். அன்றைக்குக் காற்று மாறிவிட்டது. திரும்பும்போது கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் மோட்டார் ஒரு கடகட சத்தம் போட்டு நின்றுவிட்டது. கயிற்றை இழுத்தால் இன்ஜின் கிளம்புகிறது, கியர் போட்டதும் செத்துப்போகிறது. படகை நீரோட்டம் முகத்துவாரத்துப் பாறைப்பக்கம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. நீந்திப் போய் ஆளைக் கூட்டி வருகிறேன் என்று தம்பி குதித்தான். புருஷனைச் சாயங்காலம் வேறொரு படகு கட்டி இழுத்து வந்தது. தம்பி இரண்டு நாள் கழித்துப் பிணமாகக் கரை ஒதுங்கினான். காரியம் முடிகிற வரைக்கும் மோட்டாரை யாரும் தொடவில்லை. அது கரையில் உப்போடு கிடந்து போல்ட்டெல்லாம் இறுகிவிட்டது.

"எங்கம்மா சொல்லுது, மருமவன் மோட்டார கய்வாம கடலுக்குப் போனான், அதான் உப்பு அடச்சி நின்னுச்சுன்னு. குப்பமே அதத்தான் சொல்லுது. இவரு படகுல இனி ஒருத்தனும் ஏற மாட்டானாம். ஒண்டி ஆளா இவரு எப்பிடி வலை வுடுவாரு? கேட்டா வாயே தொறக்க மாட்டன்றாரு. ஞாயித்துக்கெழம ஊரு கூடுது மேஸ்திரி. நீ தொறந்து பாத்து சொல்லு. உப்பு அடச்சிதா, இல்லியா."

"உங்க ஊரு மெக்கானிக்கு?"

"அவனுங்க எல்லாம் சொந்தம். ஒருத்தன் எங்கம்மா பக்கம், ஒருத்தன் இவரு பக்கம். எவன் சொன்னாலும் எவனும் நம்ப மாட்டான். நீ வெளியாளு. அதுவும் இல்லாம இந்த மோட்டார உனக்குத் தெரியும்."

சனிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டு அவள் அதே வேனில் திரும்பினாள். புருஷன் இருந்துகொண்டான். ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தான். நாஷ்டா வாங்கிக் கொடுத்தேன். பொட்டலத்தைப் பிரிக்காமலே கையில் வைத்திருந்தான்.

தினம் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு மோட்டாரைக் கழுவ வேண்டும் என்பது அவர்கள் முறை. கழுவாமல் விட்டால் இன்ஜினைக் குளிரவைக்கும் தண்ணீர் ஓடுகிற பாதைகளில் உப்புக் கட்டும். கட்டினால் சூடேறும். சூடேறினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஆகவே முதலில் இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைத் திறந்தேன். ஆறு போல்ட்டு. தட்டி, சூடு காட்டி, மெழுகு இறக்கி, இறுக்கி, கழற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம் ஆனது. ஐந்தாவது முறிந்தது. அதை டிரில் போட்டு நோண்டி எடுத்தேன். பழைய நாட்களில் இப்படி ஒரு வேலை வந்தால் பக்கத்துக் கடைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன். அன்றைக்குக் கூப்பிடத் தோன்றவில்லை.

ஹெட்டைத் தூக்கிப் பார்த்தால் பாதை எல்லாம் சுத்தம். நகத்தால் சுரண்டினால் வருகிற மாதிரி மெல்லிய வெள்ளைப் பூச்சு, அவ்வளவுதான். இன்ஜின் தலையில் இருக்கும் பிளைவீல் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். பிஸ்டன் மேலும் கீழும் வழுக்கிக்கொண்டு போய் வந்தது.

"உம் மேல தப்பு இல்லப்பா," என்றேன். "நல்லா கய்விதான் வெச்சினு இருந்திருக்க."

அவன் தலையை ஆட்டினான். "இல்லண்ணா. ரெண்டு நாளா கய்வல. கொழாயில தண்ணி வர்ல. நாளைக்கு கய்விக்கலாம்னு வுட்டுட்டேன்."

"ரெண்டு நாளு வுட்டா இன்னா ஆவும்? உப்பே கட்டலியே."

"நான் வுட்டேன், அது நின்னுச்சு. வேற இன்னா?"

அவன் வாயைத் திறக்காமல் இருந்ததற்குக் காரணம் அதுதான் என்று அப்போது புரிந்தது. அவனே தன்னைக் குற்றவாளி என்று முடிவுகட்டிவிட்டான்.

வெள்ளிக்கிழமை கியர் கேஸ். புரொப்பெல்லரைப் பிடித்துத் திருப்பினால் அசையவே இல்லை. அடியில் இருக்கும் ஆயில் ஸ்குருவைத் திறந்தேன். முதலில் கால் டம்ளர் தண்ணீர் வந்தது, பிறகு பால் கலந்த டீ மாதிரி ஆயில். உள்ளே பேரிங் செங்கல் நிறத்தில் துருவேறி இறுகிக் கிடந்தது. ஆக, கடல் உள்ளே நுழைந்திருக்கிறது. எந்த வழியாக? தண்ணீரைத் தடுக்கிற ரப்பர் சீல்களைப் பார்த்தேன், நன்றாக இருந்தன. தண்ணீர் எங்கே நுழைந்தது என்று தெரியாவிட்டால் உள்ளே கிருஷ்ணாயில் ஊற்றி, வைஸில் நிற்கவைத்து, வெளியே எங்கே ஈரம் கசிகிறது என்று பார்ப்பது என் வழக்கம். ஊற்றிவிட்டுக் காத்திருந்தேன். கால் மணி நேரத்தில் ஒரு சொட்டு கட்டியது. என்னுடைய பித்தளைத் துண்டின் ஓரத்தில்.

அதைக் கழற்றினேன். இரண்டு போல்ட்டுகளும் சிரமமே தரவில்லை. அவை பிடித்திருந்த அலுமினியமே பொடியாகிவிட்டிருந்தது. பித்தளை நான் கடைந்த அன்று இருந்த மாதிரியே இருந்தது. லேசாகத் துடைத்ததும் மின்னியது. அதைச் சுற்றிலும் கியர் கேஸ் சொத்தைப் பல் மாதிரி குழிந்து, ஒரு குழி மட்டும் உள்ளே வரைக்கும் போயிருந்தது. குண்டூசி நுழைகிற ஓட்டை.

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. பேரிங் வேண்டுமே என்று மெட்ராசில் படகு மோட்டார் சாமான் விற்கிற கடைக்குப் போன் போட்டேன். கேஸ் ஓட்டையாகியிருக்கிறது என்றதும் அந்தக் கடைக்காரர் கேட்டார்:

"ஜிங்க் கட்டி மாத்துறீங்களா இல்லியா?"

"எது?"

"புரொப்பெல்லருக்கு மேல வெள்ளையா ஒரு கட்டி. கடல் தண்ணி எதையாச்சும் தின்னுனே இருக்கும். அந்தக் கட்டி கீற வரைக்கும் அதத் தின்னும், அலுமினியத்தத் தொடாது. அது பாதியானா புதுசு போடணும்."

"அங்க பித்தளை கீது."

"பித்தளையா? அப்ப அலுமினியத்த வாரித் துன்னுமே! யாருய்யா அந்த புத்திசாலி?"

"இங்க ஒருத்தன்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

கொஞ்ச நேரம் சாக்குத் தேடினேன், மறைக்க மாட்டேன். கியர் ஆயிலை அவர்கள் ஒரு முறையாவது மாற்றியிருந்தால் தண்ணீர் கலந்தது தெரிந்திருக்கும் அல்லவா என்று நினைத்தேன். அங்கேயே ரிப்பேர் செய்திருக்கலாமே என்று நினைத்தேன். டப்பா மேல் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தேன். அவன் பொடியாகிப்போன ஓரத்தை விரலால் தொட்டுக்கொண்டிருந்தான். அவனிடம் சொல்லிவிட்டேன். அந்தக் கட்டி எதற்கு, நான் என்ன செய்தேன், ஓட்டை எப்படி விழுந்தது, எல்லாம்.

அடிப்பான் என்று நினைத்தேன். அவன் வாசலை எட்டிப் பார்த்தான்.

"இத வேற யார்கிட்டயாவது சொன்னியாண்ணா?"

"இல்ல."

"சொல்லாத."

"உம் பேரு கெட்டுப்போயி கீதேப்பா. உன் படகுல எவனும் ஏற மாட்டன்றான்."

"மோட்டார இங்க தூக்கினு வந்தது யாரு? நான் வேணாம்னேன். அவதான் அடம்புடிச்சி ஏத்தினு வந்தா. செத்தது யாரு? அவ தம்பி. அவ தூக்கி வளத்த தம்பி." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "கய்வாத கம்மனாட்டின்னு என்னத் திட்டினு போவட்டும். இது அவளுக்குத் தெரிஞ்சா அவ எப்பிடிண்ணா சோறு துன்னுவா?"

அந்த நிமிஷம் எனக்கு நிம்மதியாக இருந்தது. இத்தனை வயசுக்குப் பிறகு பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. ஒருத்தன் தானாக முன்வந்து என் பாரத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறேன் என்கிறான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பித்தளைத் துண்டை மேசை டிராயரில் போட்டு மூடினேன்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் வந்தாள். கழற்றிய சாமான்களை நான் எப்போதும் சாக்கின் மேல் வரிசையாகப் பரப்பி வைப்பேன். அதன் முன்னால் வந்து குந்தினாள்.

"சொல்லு மேஸ்திரி."

"உப்பு அடைக்கல. இன்ஜின் சுத்தமா கீது. கய்வாததால நிக்கல. ஊருல போயி தைரியமா சொல்லு."

முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு ஒரு மூச்சு அழுதாள். பிறகு புருஷன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "வாயத் தொறந்து சொல்லியிருந்தா இன்னாய்யா? ஒன்ற மாசமா என்ன எவ்ளோ பேஜார் பண்ணிட்ட!" அவன் தரையைப் பார்த்தான். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப ஏன் நின்னுச்சு? ஊருல கேப்பாங்க இல்ல?"

"கியருக்குள்ள தண்ணி பூந்துடுச்சு."

"எப்பிடி?"

"ஓட்டம்மா. சின்ன ஓட்ட."

"ஓட்ட எப்பிடி வுழும்?"

புருஷன் எழுந்தான். "மோட்டாருக்கு வயசாயிடுச்சு. கெளம்பு, வேன்காரன் கத்துவான்."

அவள் கிளம்பவில்லை. கியர் கேஸைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். கருவாட்டைப் புரட்டிப் பார்த்துப் புழு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற கை அது. குழிகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போய், எல்லாம் ஒரே இடத்தைச் சுற்றி இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டாள்.

"இங்க ஒண்ணு இருந்துச்சே. நீ செஞ்சி போட்டது. எங்க?"

நான் டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கி அது இருந்த இடத்தில் பொருத்திப் பார்த்தாள். பித்தளை இருந்த இடத்தைச் சுற்றிலும் பள்ளம். இனி மறைக்க என்ன இருக்கிறது?

"அங்க ஜிங்க்கு இருக்கணும்மா. நான் பித்தள வெச்சிட்டேன். அதான் அரிச்சிடுச்சு."

"தெரிஞ்சா வெச்ச?"

"தெரியாம."

"தெரியாதுன்னு அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வேற எங்கியாவது தூக்கினு போயிருப்பனே."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. விலை கேட்கிறவனிடம் பேசுகிற குரலைவிடத் தாழ்ந்த குரல். புருஷனைப் பார்த்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து."

"எனக்கு சொல்லாம வுட்டுடலாம்னு இருந்த."

அவள் எழுந்து கியர் கேஸையும் பித்தளையையும் சாக்கில் சுற்றினாள்.

"நானும் வரேம்மா," என்றேன். "ஊருக்கு முன்னால நானே சொல்றேன். என்ன அடிச்சாலும் சரி."

"நீ வந்து இன்னா சொல்லுவ? உன்ன அங்க யாருக்குத் தெரியும்?"

வேன் போய்விட்டது. இன்ஜினும் காலும் பட்டறையிலேயே கிடந்தன.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை வேன்காரர்தான் எனக்குச் சொன்னார். ஊர் கூடின இடத்தில் அவள் கியர் கேஸை நடுவில் வைத்து, ஓட்டையைக் காட்டி, "இவரு மேல தப்பில்ல. மோட்டார வெளியூருக்குத் தூக்கினு போயி தப்பான சாமான் போட வெச்சது நான்தான்" என்று சொல்லியிருக்கிறாள். எந்த ஊர், எந்த மேஸ்திரி என்று கேட்டிருக்கிறார்கள். அவள் சொல்லவில்லை. புருஷன் படகில் ஆள் ஏறலாம் என்று முடிவானது. அவளுடைய அம்மா பாதியிலேயே எழுந்து போய்விட்டாள். அந்த அம்மா மகள் கையால் இன்று வரைக்கும் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லையாம்.

புது கியர் கேஸ், பேரிங், ஜிங்க் கட்டி எல்லாம் என் செலவில் வரவழைத்துப் பூட்டினேன். ஒவ்வொரு போல்ட்டுக்கும் கிரீஸ் தடவினேன். தண்ணீர் டிரம்மில் கால் மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்து வேன்காரரிடம் ஏற்றி அனுப்பினேன். ஓடுகிறது என்று புருஷன் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினான். அவள் எங்கள் சந்தைக்கு வருவதில்லை. அந்த இடத்தில் இப்போது வேறு ஒருத்தி சாக்கு விரிக்கிறாள்.

என்னிடம் நியாயம் கேட்க யாராவது வருவார்கள் என்று பல வாரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பியின் கூட்டாளிகள், அந்த அம்மா, யாராவது. வாசலில் மினி வேன் மெதுவானால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பேன். ஒரு முறை ஒன்று நின்றேவிட்டது. மூன்று பேர் இறங்கினார்கள். நெல் மூட்டை ஏற்றின வண்டி. பின்சக்கரத்தில் ஏதோ சத்தம் வருகிறது, என்னவென்று பாருங்கள் மேஸ்திரி என்றார்கள். ஜாக்கியை எடுத்துக்கொண்டு போனேன்.